முதல் கரண்டி

"சுர்ர்ர்ர்...!"

கரண்டியில் இருந்த காபியைப் பெருஞ்சத்தத்தோடு உறிஞ்சினார் அபெலார்தோ.

அதுதான் அவர் உறிஞ்சிய கடைசிக் காபி!

கரண்டி தரையில் விழுந்தது. அடுத்த விநாடி அவரும் விழுந்தார். உதட்டோரம் நுரை. கால் இரண்டு தடவை உதறியது. பிறகு உதறவில்லை.

"வீ...ல்ல்ல்!"

மதிப்பெண் எழுத நின்றிருந்த ஆபீஸ் உதவியாள் லுஸ்தாரி போட்ட அலறலில் சதுக்கத்துப் புறாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து பறந்தன.

யோலிமா செபாயோஸ் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். முப்பத்தெட்டு வயது. காபி ஏற்றுமதிக் கம்பெனியின் முதலாளி. உய்லா மாகாணத்து மலைகளில் காபித் தோட்டம் வைத்திருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களிடம் கொட்டை வாங்கி நேராக வெளிநாட்டுக்கு அனுப்புகிறவள். ஏழு வருஷமாக ஊர் வியாபாரிகளின் கண்ணில் விழுந்த தூசி.

கீழே கிடந்தவர் அந்த வியாபாரிகள் சங்கத்தின் ருசி பார்ப்பவர். மாகாணத்திலேயே பெரிய நாக்கு.

மணி பத்தே கால்.

நாலு மணிக்குக் கம்பெனியின் விதி முடிவாக வேண்டும்!

* * *

இன்ஸ்பெக்டர் பகேரோ தொப்பியைக் கழற்றாமலே உள்ளே வந்தார். வெள்ளைத் துணி போர்த்திய உடம்பு ஆம்புலன்ஸில் ஏறிப் போயிருந்தது. மேஜை மேல் ஐந்து கோப்பைகள் மட்டும் ஆறிக்கொண்டிருந்தன.

"காபித்தூளை அரைச்சது யாரு?"

"நான்" என்றாள் யோலிமா.

"தண்ணி ஊத்தினது?"

"நான்தான்."

"செத்தவர் உங்க காபியைப் பத்தி என்ன சொல்லுவார் தெரியுமா? 'பொம்பளைக்கு இருக்கறது அடுப்படி நாக்கு'ன்னு சங்கத்துலயே சொன்னாராமே?"

"என் மூஞ்சிக்கு நேரா பத்து தடவை சொல்லியிருக்கார். அதுக்கெல்லாம் கொலை பண்ணணும்னா சங்கத்துல ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க சார்!"

பகேரோ சிரிக்கவில்லை.

"அப்புறம் எதுக்கு அவரைக் கூப்பிட்டீங்க?"

"போகோட்டாவுல இருந்து முதலீட்டுக்காரங்க வந்து ஓட்டல்ல தங்கியிருக்காங்க. கையெழுத்துக்கு முன்னாடி வெளி ஆள் ஒருத்தர் ருசி பார்க்கணும்னாங்க. அவரை விட்டா பெரிய ஆள் யாரு?"

"என்ன கையெழுத்து?"

யோலிமா பெருமூச்சு விட்டாள்.

"கம்பெனியில பாதி அந்த இருநூத்துப் பன்னிரண்டு பொம்பளைங்க பேருக்கு மாறுது சார். அவங்க வெறும் கொட்டை விக்கறவங்க இல்ல... இனிமே முதலாளிங்க. அந்த ஏற்பாடு இருந்தாதான் போகோட்டாக்காரங்க பணம் போடுவாங்க."

"நல்ல கதை. ஆனா நாலு மணிக்கு நீங்க என் ஸ்டேஷன்ல இருப்பீங்க!"

போன் அடித்தது. முதலீட்டுக்காரர்கள் சார்பில் பேசுகிற போகோட்டா அம்மாள்தான். செய்தி ஓட்டலுக்குப் போய்விட்டது.

"யோலிமா, வேற ருசிக்காரரை நான் பார்த்துக்கறேன். ஆனா நாலு மணிக்கு நீங்க ஸ்டேஷன்ல உக்காந்திருந்தா எங்க ஆளுங்க மூட்டையைக் கட்டிடுவாங்க. என்னால தடுக்க முடியாது."

"புரியுது மேடம்..."

போனை வைத்தாள். புருஷன் வில்மார் நம்பரை அழுத்தினாள். நாலாவது தடவை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

பதினாலு வருஷத்தில் அவள் கூப்பிட்டு அவன் எடுக்காத முதல் நாள். இன்றைக்குத்தானா?

"யாருக்குப் போன்? வக்கீலுக்கா?"

"வீட்டுக்காரருக்கு சார். பக்கத்துல ஒரு ஆள் இருந்தா தைரியமா இருக்கும்..."

சொல்லும்போதே அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். இந்த மனிதர் முன்னால் அழுவதைவிட ஸ்டேஷனுக்கே போய்விடலாம்!

* * *

"சார், நான் ஒண்ணு சொல்லலாமா?" மூலையில் இருந்து லுஸ்தாரி எட்டிப் பார்த்தாள். கண் வீங்கியிருந்தது.

"சொல்லும்மா."

"இந்த ஆபீஸ்ல முதல் கரண்டி எப்பவும் யோலிமா மேடம்தான். வந்தவங்களுக்குக் குடுக்கற காபியை முதலாளியே முதல்ல வாயில வைக்கணும்... மேடம் போட்ட சட்டம். ஏழு வருஷமா மாறினதே இல்ல."

"இன்னிக்கு மட்டும் ஏன் மாறிச்சு?"

"மேடம் கரண்டியை எடுத்தாங்க. அந்தப் பெரியவர் தோளால இடிச்சுத் தள்ளிட்டு முன்னாடி போனார். 'நாப்பது வருஷத்துல ஒரு பொம்பளைக்குப் பின்னாடி நான் கரண்டி விட்டதில்ல'ன்னார்! முதல் கப்புல விட்டார். அவ்வளவுதான்..."

பகேரோ தொப்பியைக் கழற்றினார்!

"அப்போ... அந்தக் கப்பு..."

"எனக்கு வெச்சது" என்றாள் யோலிமா. அபெலார்தோவை அவளுக்குப் பிடிக்காது. ஆனால் அவர் போட்ட ஒரு இடிதான் அவளை இப்போது நிற்க வைத்திருக்கிறது.

"சும்மா கதை விடக் கூடாது. முதல் கரண்டி உங்களோடதுன்னு யார் யாருக்குத் தெரியும்?"

"எங்க ரெண்டு பேருக்கு. அப்புறம்..."

யோலிமா முடிக்கவில்லை.

சதுக்கத்துப் பக்கமிருந்து சோக இசை கேட்டது. பின்னாலேயே கரகரத்த ஒலிபெருக்கிக் குரல். சாவு அறிவிக்கிற ஒல்மேதோவின் வண்டி! இந்த ஊரில் யார் கண்ணை மூடினாலும் அந்த வண்டி தெருத் தெருவாகப் போய்ச் சொல்லும்.

"அதுக்குள்ள அபெலார்தோவுக்கு வண்டி விட்டுட்டாங்களா?" என்றார் பகேரோ.

வண்டி ஜன்னலுக்குக் கீழே வந்தது.

"...ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறோம்! நம் ஊரின் பெருமை... காபி ஏற்றுமதியாளர்... தோன்யா யோலிமா செபாயோஸ் அம்மையார் இன்று காலை காலமானார்! நாளை காலை பத்து மணிக்குப் பெரிய தேவாலயத்தில் பூசை! துயரத்துடன் அழைப்பவர்... அன்புக் கணவர் வில்மார்!"

லுஸ்தாரி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

பகேரோ யோலிமாவை ஏற இறங்கப் பார்த்தார். யோலிமா தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டாள்.

வலித்தது!

* * *

பகேரோ ஒல்மேதோவின் கடைக்குப் போன் போட்டார். எடுத்தது ஒல்மேதோவின் மனைவி.

"யோலிமாவுக்கு வண்டி சொன்னது யாரும்மா?"

"அவங்க வீட்டுக்காரர்தான் சார். பாவம், குரலே வரலை. பத்தரைக்குப் போன் பண்ணினார். 'ஊர் பேசறதுக்குள்ள வண்டி கிளம்பணும்'னார்."

பகேரோ போனை வைத்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

"உங்க வீட்டுக்காரர் எதிர்ல ஏதாவது காபிக் கடையில உக்காந்திருப்பார். ஆம்புலன்ஸ் வந்ததைப் பார்த்திருப்பார். துணி மூடின உடம்பு... நீங்கதான்னு நினைச்சிருக்கலாம். மனுஷன் தப்பா புரிஞ்சுக்கறது சகஜம்தானே மேடம்?"

'மேடம்' என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. யோலிமா அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

"சார்... பொண்டாட்டி ஆபீஸ்ல இருந்து துணி மூடின உடம்பு வெளிய வந்தா ஒரு புருஷன் என்ன பண்ணுவான்?"

"ஓடி வருவான்."

"துணியை விலக்கி முகத்தைப் பார்ப்பான். ரோடுன்னு பார்க்காம அழுவான். என் போன்ல இருந்து நாலு தடவை கூப்பிட்டேன்... எடுக்கலை. ஆனா சாவு வண்டிக்காரங்களுக்கு மட்டும் போன் பண்ணியிருக்கார்..."

அவள் ஜன்னல் வழியாக வண்டி போன தெருவைப் பார்த்தாள்.

"செத்தது யாருன்னு அவர் பார்க்கவே இல்ல சார். யாருன்னு அவருக்கு முன்னாடியே தெரியும்!"

"மேடம்!" லுஸ்தாரி துள்ளி எழுந்தாள். "காலைல ஒன்பதரைக்கு அவர் ரோஜாக் கொத்தோட வந்தாரே! நீங்க தண்ணி கொதிக்க வெக்கப் போயிருந்தீங்க. கப்புல தூளெல்லாம் போட்டு வெச்சிருந்தது. அஞ்சு நிமிஷம் இந்த ரூம்ல தனியா இருந்தாரே!"

யோலிமா கண்களை மூடிக்கொண்டாள்.

ருசி பார்க்கிற அறையில் பூ வைக்கக் கூடாது. சென்ட் கூடப் போடக் கூடாது. வாசனை கலந்தால் காபியின் வாசனை போய்விடும். பதினாலு வருஷமாக அவளோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு அது தெரியாதா? 'ஆசையா வாங்கிட்டு வந்திருக்கார், போகட்டும்' என்று அவள்தான் சிரித்துக்கொண்டே அந்தப் பூவைக் குப்பையில் போட்டாள்.

பகேரோ குப்பைக் கூடையைக் கவிழ்த்தார். ரோஜாக்களைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தார். உள் மடிப்பில் இன்னொரு குட்டிப் பொட்டலம். காலி. ஓரத்தில் வெள்ளைப் பொடி கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"தொடாதீங்க!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையை இழுத்துக்கொண்டார் இன்ஸ்பெக்டர்.

வாசலில் செருப்புச் சத்தம்!

"மேடம், கதவுக்குப் பின்னாடி போங்க. சீக்கிரம்!"

* * *

வில்மார் வந்தான். கறுப்புச் சட்டை. இஸ்திரி மடிப்புக் கலையாத கறுப்புச் சட்டை!

"ஐயோ... என் யோலிமா!" நாற்காலியில் விழுந்தான். "நான் என்ன பண்ணுவேன் சார்!"

"மனசைத் தேத்திக்கங்க. எல்லாம் ஒரு நொடியில முடிஞ்சு போச்சு."

"தலையெழுத்து சார்! ஏழு வருஷமா எத்தனை ஆயிரம் கப்பு ருசி பார்த்திருப்பா? இன்னிக்கு முதல் கப்பே அவ உயிரைக் குடிச்சிருச்சே!"

பகேரோ மெதுவாக அவனை நோக்கித் திரும்பினார்.

"முதல் கப்புன்னு யார் சொன்னது?"

"அ... அது... ஊர்ல பேசிக்கறாங்க..."

"ஊர்ல என்ன பேசறாங்கன்னா, அவங்க செத்துட்டாங்கன்னு. அதுவும் நீங்க வண்டி வெச்சுச் சொன்னது."

கதவு கிறீச்சிட்டது.

"இன்னும் நாலு கப்பு பாக்கி இருக்கு, வில்மார். ஒரு கரண்டி குடிக்கறியா?"

வில்மார் திரும்பினான். முகம் வெளுத்தது. நாற்காலியோடு பின்னால் சாய்ந்து தடாலென்று விழுந்தான்!

"நீ... நீ..."

"போன் அடிச்சப்ப எடுத்திருந்தா சாவு வண்டிச் செலவாவது மிச்சமாகியிருக்கும்!"

பகேரோ அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். வில்மார் இப்போது நிஜமாகவே அழுதான்.

"நாலு மணிக்கு நீ கையெழுத்துப் போட்டா கம்பெனியில பாதி அந்த மலைக்காரிங்களுக்குப் போயிடும்! அதுக்கு முன்னாடி நீ போனா எல்லாம் என் பேருக்கு. எனக்குன்னு என்ன இருக்கு யோலிமா? பாங்க்ல போனா 'யோலிமா புருஷன்'... முடி வெட்டப் போனா 'யோலிமா புருஷன்'! எனக்கு ஒரு பேர் இருக்குன்னு இந்த ஊர்ல ஒரு நாய்க்காவது தெரியுமா?"

"இனிமே எல்லாருக்கும் தெரியும்" என்றாள் யோலிமா. "ஜெயில்ல பேர் எழுதி ஒரு நம்பரும் குடுப்பாங்க."

போலீஸ்காரர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் வாய்விட்டு அழுதாள். பதினாலு வருஷம்! எந்த நாளில் அவன் மாறினான் என்று யோசித்துப் பார்த்தாள். ஒரு நாள் கூடப் பிடிபடவில்லை. ஒவ்வொரு தடவை அவள் ஜெயித்தபோதும் அவன் கை தட்டினான். கை தட்டும்போது அவன் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

"மேடம்..." லுஸ்தாரி ஜன்னலைக் காட்டினாள். "கீழ பாருங்க."

சதுக்கம் நிறைந்திருந்தது. மலையில் இருந்து கையெழுத்துக்காக இறங்கி வந்த பெண்கள். தோட்டத்துத் தொப்பியும் ரப்பர் பூட்ஸுமாக, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். நடுவில் ஒல்மேதோவின் வண்டி இரண்டாவது சுற்றுக்குத் தயாராக நின்றது.

யோலிமா முகத்தைக் கழுவினாள். படியில் இறங்கினாள். நேராக வண்டிக்குப் போய் ஒல்மேதோவின் கையில் இருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"நான் யோலிமா பேசறேன்! எனக்கு ஒண்ணும் ஆகலை! யாரும் ஊருக்குத் திரும்பக் கூடாது. அழுதது போதும், எல்லாரும் ஆபீஸுக்கு வாங்க. நாலு மணிக்கு உங்க கையெழுத்து இல்லாம பேனாவை மூட மாட்டேன்!"

பிறகு எழுந்த கூச்சலில் ஒலிபெருக்கியே அடங்கிப் போனது. யாரோ அவளைக் கட்டிக்கொண்டார்கள். யாரோ கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

யோலிமா மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏன்யா ஒல்மேதோ, ஆள் போயாச்சா இல்லையான்னு ஒரு வார்த்தை விசாரிக்க மாட்டியா?"

ஒல்மேதோ தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நெளிந்தார்.

"மன்னிச்சுக்கங்க தோன்யா... இருபத்தஞ்சு வருஷத் தொழில்ல, அறிவிப்புல தப்பு இருக்குன்னு நேர்ல வந்து புகார் குடுத்த முதல் ஆள் நீங்கதான்!"