வெள்ளிக்கிழமை டயர்கள்

"வேலையாள் லியோனை நிப்பாட்டப்போறன், தங்கச்சி. அதுக்கு முதல் ஒருக்கா வந்து மெஷினைப் பாரும்." போனில் குலசிங்கத்தின் குரல் உடைந்திருந்தது. சரவணையில் பழைய டயர்களுக்குப் புது றப்பர் ஒட்டும் பட்டறை அவருடையது. சில மாதங்களாக வெள்ளிக்கிழமை ஒட்டும் டயர்களில் மட்டும் றப்பர் உரிந்து வந்தது. கடைசியாக உரிந்தது கடலுக்கு நடுவே போகும் பண்ணைத் தாம்போதியில், ஆட்கள் நிறைந்த பஸ்ஸில். யாருக்கும் ஒன்றும் ஆகாதது தெய்வச்செயல்தான்.

றப்பரை வேகவைக்கும் இரும்பு உருளைக்கு, இந்த வருடம் பொருத்திய புதிய கட்டுப்பாட்டுப் பலகையை வடிவமைத்தவள் சத்தியபாமா. அவளுடன் வந்த உதவிப் பொறியியலாளர் நிலாந்திக்கு, வாசலிலேயே குற்றவாளி கிடைத்துவிட்டான்.

"வெள்ளியில முதலாளி கோயிலுக்குப் போயிடுவார், அக்கா. லியோன் தனிய. வேளைக்கே டயரை இறக்கிறார் போல."

"நேரம் முடியாமல் கதவு திறக்க ஏலாது. அதை நானே அப்பிடித்தான் அமைச்சனான்."

"அப்ப சூட்டைக் குறைச்சிருப்பார்."

"குறைச்சால் திரையும் குறைவாக் காட்டுமே. அது சரியாத்தான் காட்டுது."

சத்தியபாமா பலகைக்குப் பக்கத்திலிருந்த வயர்ப்பெட்டியின் அடியைத் தடவினாள். விரலில் கரி ஒட்டியது. பெட்டிக்குக் கீழே ஒரு தட்டில் குலசிங்கத்தின் காலஞ்சென்ற மனைவி சறோஜினிதேவியின் படமும் சிறிய விளக்கும் இருந்தன. சத்தியபாமா எல்லாரையும் கூப்பிட்டாள்.

"லியோன், விளக்கை ஏத்தும்."

உருளை குளிர்ந்து கிடந்தது. ஆனால் சற்று நேரத்தில் திரையில் சூடு ஏறத் தொடங்கியது. நிலாந்தி வாயைப் பிளந்தாள்.

"மெஷின் உள்ளுக்குள்ள இருக்கிற சூட்டை அறியிறதுக்கு இந்தப் பெட்டியின்ர சூட்டையும் கணக்கில சேர்க்கும்" என்றாள் சத்தியபாமா. "விளக்கு பெட்டியைச் சுடுது. போதிய சூடு வந்திட்டுது எண்டு மெஷின் நம்பி, நெருப்பைக் குறைக்குது. றப்பர் அரைவேக்காடு. இதுக்குக் கீழ விளக்கு வைப்பியள் எண்டு ஆர் கண்டது?"

குலசிங்கம் திகைத்தார். "வெள்ளியில கோயிலுக்குப் போகமுதல் ஏத்திறது நான்தான். ஆனா அது கொஞ்ச நேரத்தில அணைஞ்சிடுமே?"

"அணைய விடேல்லை, ஐயா" என்றான் லியோன். "நான்தான் எண்ணெய் விட்டனான். வெள்ளி விளக்கு பின்னேரம் வரைக்கும் எரியவேணும் எண்டு அம்மா உயிரோட இருக்கேக்க சொல்லுறவ. நான் சேர்ச்சுக்குப் போற வேதக்காரன் எண்டு தெரிஞ்சும் போத்தலை என்னட்டைத்தான் தருவா."

குலசிங்கத்துக்குப் பழைய வெள்ளிக்கிழமைகள் ஞாபகம் வந்தன. தோய்ந்த தலையோடு மனைவி விளக்கேற்ற வருவாள். றப்பர் நாற்றத்துக்குள் நல்லெண்ணெய் மணக்கும். அந்த நாட்கள் இனி இல்லை என்பது அவருக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, படத்தையும் விளக்கையும் தானே எடுத்து எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோனார்.

பிறகு எண்ணெய்ப் போத்தலை லியோனின் கையில் கொடுத்தார்.

"வாற வெள்ளி நான் கோயிலுக்குப் போயிடுவன். விளக்கைப் பார்த்துக்கொள்."