கை கொடுக்காத கோச்

"ஏங்க... ஏங்க! நனையறீங்க பாருங்க!"

யாரோ ஒரு ஆண் குரல். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையிலா இருந்தாள்? ஒரு தோளில் பை நிறைய ஷூ. இடுப்பில் குழந்தையைப் போல எடை பார்க்கும் மெஷின். பஸ்ஸை விட்டு இறங்கி விளையாட்டு அரங்கின் வாசலுக்குப் போவதற்குள், பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

"நான் நனைஞ்சா பரவால்ல. மெஷின் நனையக் கூடாது. இதுக்குள்ள தண்ணி போச்சுன்னா நாளைக்கு எல்லாப் பசங்களும் ஒரே எடைதான்!"

பின்னால் ஒரு சிரிப்பு. அடுத்த நொடி அவள் தலைக்கு மேல் மழை நின்றது. பெரிய கறுப்புக் குடை... அதைப் பிடித்திருந்த நீண்ட கை... அப்புறம் அந்தக் கண்கள். அடேயப்பா! மழையில் நனைந்த இமைகளோடு ஒரு மனுஷன் இப்படியா பார்ப்பான்?

"புடிங்க" என்று குடையின் பிடியை அவள் பக்கம் சாய்த்தான். அவள் வாங்கிக்கொண்டதும் சட்டென்று ஒதுங்கி மழைக்குள் போய்விட்டான்.

"அட, நீங்களும் வாங்க... ரெண்டு பேர் தாராளமா வரலாம்."

"நான் ஒண்ணும் கரைஞ்சு போயிட மாட்டேங்க."

கரையவில்லைதான். ஆனால் சொட்டச் சொட்ட நனைந்தான். வாசல் வரை அவளுக்கு ஒரு கை தள்ளியே நடந்து வந்தான். குடையைத் திருப்பித் தருவதற்குள், "நாளைக்கு வாங்கிக்கறேன்" என்று உள்ளே ஓடிவிட்டான். என்ன மரியாதை... என்ன கண்ணியம்! பெயர்கூடக் கேட்கவில்லை. போகட்டும், 'குடைக்காரன்' என்று மனசுக்குள் ஒரு பெயர் வைத்தாள். அன்றிரவு குடையை விரித்துக் காயவைத்துவிட்டு, தேவையில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஒரு பள்ளியில் மல்யுத்தம் சொல்லிக்கொடுப்பவள். பிள்ளைகள் நேரில் 'மிஸ்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'சைரன்' என்பார்கள். அரங்கின் இந்தக் கோடியில் அவள் கத்தினால் அந்தக் கோடியில் இருப்பவன் நிமிர்ந்து நிற்பான். அவளிடம் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். பட்டாசு என்று பட்டப்பெயர். அந்த வட்டாரப் பள்ளிகளில் மல்யுத்தத்துக்கு வரும் ஒரே பெண். அதனால் பையன்களோடுதான் மோதியாக வேண்டும். அவள் எடையில் மோத, கோப்பைக்குப் போட்டியிட்ட எதிர்ப் பள்ளியில் ஒரே ஒரு பையன் இருந்தான். மாநிலப் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்க வந்திருந்த தேர்வாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: எதிராளி வராமல் கிடைத்த வெற்றி கணக்கில் சேராது, ஒரு முறையாவது அவள் மோதுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை பட்டாசின் முறை வந்தது. எதிர்ப் பள்ளிப் பையன் மெத்தையின் ஓரம் வரை வந்தான். நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தான்.

"சார், எங்க நம்பிக்கையில குடும்பத்துல இல்லாத வெளிப் பொண்ணுங்களைத் தொடக் கூடாது. நான் விலகிக்கறேன்."

நடுவர் பட்டாசின் கையைத் தூக்கி, வெற்றி என்று அறிவித்தார். நாலைந்து பேர் கை தட்டினார்கள். யாரோ சிரித்தார்கள்.

"மிஸ்..." பட்டாசு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் என்ன பண்ணேன்னு என் கையைத் தூக்குறாங்க?"

சைரனுக்குச் சுர்ரென்று ஏறியது. திருப்பித் தரக் கொண்டுவந்த குடை கையிலேயே இருக்க, அந்தப் பள்ளியின் கோச் எங்கே என்று தேடிக்கொண்டு போனாள். நடைபாதையில் அந்தப் பையனின் தோளைத் தட்டிக்கொடுத்தபடி நின்றவன்... குடைக்காரன்!

ஒரு கணம் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரே ஒரு கணம்தான்.

"நீங்கதான் கோச்சா? உங்க பையன் என் பொண்ணை நாலு பேர் முன்னாடி அவமானப்படுத்திட்டான்!"

"அவமானப்படுத்தலைங்க. அவனும் இதுக்காக வருஷம் பூரா உழைச்சவன்தான். அதை விட்டுட்டு வந்து நிக்கிறான்."

"நீங்க 'போய் மோதுடா'ன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

அவன் தரையைப் பார்த்தான். "எனக்கும் அதே நம்பிக்கைதாங்க."

அவளுக்கு நேற்றைய மழை ஞாபகம் வந்தது. தள்ளித் தள்ளி நடந்தது... பிடியைக்கூட விரல் படாமல் நீட்டியது...

"ஓ! அதான் குடைக்குள்ள வரலையா? நான்கூட ஏதோ பெரிய மரியாதைன்னு..."

"மரியாதைதாங்க அது."

"வேண்டாம் சாமி, உங்க மரியாதை! ஒருத்தியை எட்ட நிறுத்தறதுக்குப் பேரு மரியாதையா? இந்தாங்க உங்க குடை!"

குடையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கண்ணில் நீர் முட்டியது. பட்டாசுக்காகத்தான் அழுகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முழுக்க உண்மையில்லை.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவனைத் திட்டினாள், அவன் பள்ளியைத் திட்டினாள், மழையையும் திட்டினாள். அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"சரிடி. அந்தப் பையன் விலகினான்னு ஒரு தடவை சொன்னே. அந்தக் கோச்சு கண்ணைப் பத்தி மட்டும் எதுக்கு மூணு தடவை சொல்றே?"

"அம்மா!"

"நான் ஒண்ணும் கேக்கலப்பா..."

அடுத்த சனிக்கிழமை மறுசுற்று. கோப்பை யாருக்கு என்று அன்றுதான் முடிவாகும். பட்டாசுக்கும் அதுதான் கடைசி வாய்ப்பு. ஆனால் அதே பையன்... அதே நம்பிக்கை. பட்டாசு பயிற்சிக்கு வந்தாள், ஆனால் பேச்சு குறைந்துபோனது. அதுதான் சைரனுக்குத் தாங்கவில்லை.

புதன்கிழமை மாலை. பயிற்சி முடிந்து மெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழலாடியது. குடைக்காரன்தான். உள்ளே வராமல் நின்றான்.

"என்ன... உள்ள வந்தா ஒட்டிக்குமா?"

"ஷூ சேறா இருக்குங்க. துடைச்ச மெத்தை."

அட, இதற்கு எப்படிக் கோபப்படுவது? துணியைப் பிழிவதுபோல் சிரிப்பை மறைத்தாள்.

"பையன்கிட்ட பேசினீங்களா?"

"அவனைக் கட்டாயப்படுத்த மாட்டேங்க. அது தப்பு. அவன் பயந்து விலகல, மனசறிஞ்சு விலகினான்."

"அப்ப என் பொண்ணு? அவ மனசு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். கண்களில் நிஜமான வேதனை இருந்தது.

"அவ அழுததைப் பார்த்தேன். அதுவும் தப்பு. ரெண்டுல எதையும் விட முடியல. வழி தெரியல... தெரியலன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

தெரியவில்லை என்று சொல்வதற்கா ஒரு மனுஷன் பஸ் ஏறி இவ்வளவு தூரம் வருவான்? அவன் போன பிறகும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை போட வார்த்தையே கிடைக்கவில்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது... அவன் மேல் இல்லை, தன் மேல்.

சனிக்கிழமை. பட்டாசின் எடைப் பிரிவை ஒலிபெருக்கி அழைத்தது. அவள் மெத்தையில் போய்த் தனியாக நின்றாள். நடுவர் அவள் கையைத் தூக்கப் போகிறார் என்று சைரன் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

எதிர்ப்பக்கம் ஒருவன் எழுந்தான். விலகிய பையன் அல்ல. ஒல்லியாக, துறுதுறுவென்று... அந்தப் பள்ளியின் கேப்டன்!

சைரனுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. ஒரு வீரன் தன் எடைக்கு ஒரு படி மேலான பிரிவில் மோதலாம். விதியில் அதற்கு இடமுண்டு. ஆனால் எந்தக் கோச்சும் அதைச் செய்ய மாட்டான். அந்தக் கேப்டன் தன் எடையில் இறங்கினால் எதிராளியைச் சீக்கிரமே மல்லாத்திவிட்டு முழுப் புள்ளியையும் அள்ளிக்கொண்டு வருவான். இங்கே வந்ததால் அந்த இடம் காலி. அந்தப் புள்ளிகள் சும்மா போயின. பட்டாசிடம் ஜெயித்தாலும் இழுபறியில் பாதிப் புள்ளிதான் கிடைக்கும். கோப்பையைக் கையில் எடுத்துக் கொடுப்பதற்குச் சமம்!

நிமிர்ந்து குடைக்காரனைப் பார்த்தாள். அவன் மெத்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். விலகிய பையன் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கேப்டனுக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

விசில் ஊதியது. என்ன ஆட்டம் அது! பட்டாசு காலைப் பிடித்தாள், அவன் நழுவினான். அவன் இடுப்பைச் சுற்றினான், அவள் உருண்டு மேலே வந்தாள். "தோளை அமுக்குடி!" என்ற சைரனின் குரலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கடைசி விசில் ஊதும்போது இருவரும் மூச்சு வாங்க மெத்தையில் கிடந்தார்கள். ஒரே ஒரு புள்ளியில் கேப்டன் ஜெயித்தான்.

பட்டாசு ஓடி வந்தாள். முகமெல்லாம் வியர்வை, கன்னத்தில் சிராய்ப்பு, காது வரைக்கும் சிரிப்பு.

"மிஸ்! தோத்துட்டேன் மிஸ்! நிஜமாவே தோத்துட்டேன்!"

தேர்வாளர் எட்டிப் பார்த்து, "முகாமுக்கு வந்துடும்மா" என்றார். பட்டாசு போட்ட கூச்சலில் மற்றதெல்லாம் காதில் விழவில்லை.

கோப்பையைச் சைரனின் பள்ளி வாங்கியது. குடைக்காரன் பின்வாசல் படியில் தனியாக நின்றான். வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

"கோப்பை போச்சு உங்களுக்கு" என்று பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னாள் சைரன்.

"ஆமாங்க. திங்கக்கிழமை தலைமையாசிரியர் காய்ச்சப் போறார்."

"கேப்டன் எப்படி ஒத்துக்கிட்டான்?"

"கேட்டேன். அவனுக்கு இதுல தடையில்ல. 'அந்தப் பொண்ணோட மோதணும்னு எனக்கே ஆசை சார்'னான்."

அவள் கொஞ்சம் தயங்கினாள். கேட்கலாமா... வேண்டாமா... "இதெல்லாம்... எனக்காகவா?"

"இல்லைங்க." அவன் பொய் சொல்லத் தெரியாதவன். "அந்தப் பொண்ணுக்காக. உங்களுக்காகன்னு சொன்னா அவ ஆட்டத்தைச் சின்னதாக்கின மாதிரி ஆயிடும்." அப்புறம் காது மடல் சிவக்க, "ஆனா புதன்கிழமை பஸ் ஏறி வந்தேனே... அது உங்களுக்காகத்தான்" என்றான்.

சந்தோஷத்தில் கையை நீட்டிவிட்டாள். நீட்டிய பிறகுதான் உறைத்தது. ஐயோ, இவன் தொட மாட்டானே!

அவன் அந்தக் கையையே பார்த்தான்.

"இந்தக் கையைப் புடிக்கணும்னா எனக்கு ஒரே ஒரு வழிதாங்க இருக்கு. அதுக்கு உங்க வீட்டுக்கு வரணும்."

வேறு ஒருத்தியாக இருந்தால் அப்போதே தலையாட்டியிருப்பாள். ஆனால் சைரன் சைரன்தானே?

"வந்தா? கட்டிக்கிட்ட பிறகு, பசங்களுக்கு மல்யுத்தம் சொல்லித்தராதே, அவனைத் தொடாதே, இவனைத் தொடாதேன்னு சொல்வீங்களா? இப்பவே சொல்லிடுங்க."

"என் நம்பிக்கை என் கையைக் கட்டறதுக்குங்க. உங்க கையைக் கட்டறதுக்கில்ல. நீங்க அந்த மெத்தையில நின்னு கத்தறதைப் பார்த்துத்தான்..." தொண்டையைச் செருமிக்கொண்டான். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

வட்டாரத்துக்கே கேட்கும் அந்தக் குரல் இப்போது வெளியே வரவே மாட்டேன் என்றது. நீட்டிய கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"எனக்கும்..." என்றாள். அவன் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "எனக்கும் பிடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை வாங்க. அம்மா வீட்லதான் இருப்பாங்க."