இன்னும் ஒரு பிரதி

அபினின் பதில் எந்த வழியாக வந்தது என்பதுதான் ஜெமிமாவுக்கு விளங்கவில்லை.

"இன்னாக்கா, பேஜாரா கீது!" காஜா மொய்தீன் போனில் கத்தினான். வண்ணாரப்பேட்டையில் தையல் மிஷின் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். அபினோடு இணையத்தில் தினமும் மல்லுக்கட்டும் தோஸ்து. "விளம்பரம் வாங்கித் துன்ற டிவி எப்டிடா உண்மைய சொல்லும்னு அப்ப கேட்டேன்ல? அதுக்கு இப்ப பதில் போட்டுகீறான். 'உன் யூடியூப் அண்ணன் மட்டும் இன்னா, காத்தையா துன்றான்'னு. அந்த நக்கல் வேற எவனுக்குக்கா வரும்?"

அபின் அவளுடைய தம்பி. விசைப்படகில் டிரைவர். போன வாரம் அவன் போன படகு திரும்பவில்லை. ஆந்திரக் கரைப் பக்கம் பலகைகளும் ஒரு டீசல் கேனும் மிதந்தன. படகில் இருந்த எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று ஒரு டிவி சொன்னது. உடல் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜெமிமா பழைய மடிக்கணினியின் முன் உட்கார்ந்தாள். காசிமேட்டில் அவளும் தம்பி குடும்பமும் இருக்கும், ஒற்றை அறையும் சமையல்கட்டுமான அந்த வீட்டில், பிரிட்ஜ் பக்கத்து மேசைமேல் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கணினிதான் 'கட்டுமரம்', அவர்கள் சொந்தமாக நடத்தும் சமூக வலைத்தளம். பெரிய நிறுவனங்களின் தளம் ஒரே ஒரு பெரிய மாளிகை மாதிரி. முதலாளிக்குப் பிடிக்கவில்லை என்றால் ஆளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவான். இது வேறு. ஊருக்கு ஊர் இதைப்போல ஒரு கணினி, சின்னச் சின்ன வீடுகள் மாதிரி. மாத்தூரில் ஒன்று, நாகையில் ஒன்று, கொச்சியில் ஒன்று, நார்வேயில் யாரோ ஒருவருடையது ஒன்று. இங்கே ஒருவர் எழுதினால் அதன் பிரதி ஒவ்வொரு வீட்டுக்கும் போய் அங்கேயே தங்கிவிடும். எழுதியதை அழிக்கவும் முடியும். ஆனால் அழிப்பது கட்டளை இல்லை, வேண்டுகோள். 'உங்களிடம் இருக்கும் பிரதியையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்' என்று இந்தக் கணினி ஒவ்வொரு வீட்டையும் கேட்கும். அவர்கள் கேட்டால் உண்டு.

கட்டுமரத்தில் ஒரே ஒரு சட்டம். யாராவது ஆதாரம் கேட்டால் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் எழுதியதைத் திரும்பப் பெற வேண்டும். சட்டம் போட்டவன் அபின்.

கடலில் சிக்னல் கிடையாது. ஆனாலும் சண்டையை விடமாட்டான். கரையில் படித்துவிட்டுப் போனதற்கெல்லாம் வலை இழுக்கும் நேரம் போக உட்கார்ந்து பதில் எழுதுவான். எல்லாம் போனுக்குள்ளேயே அடுக்கிக் கிடக்கும். திரும்பி வந்து சந்துமுனையில் கால் வைத்ததும் வீட்டு வைஃபை போனைப் பிடித்துக்கொள்ளும்; மொத்தப் பதிலும் கொட்டும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவன் மனைவி ராஜாத்தி உலை வைப்பாள்.

இப்போதும் கொட்டிக்கொண்டிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக, பழைய சண்டைகளுக்கான பதில்கள். சமையல்கட்டில் பாத்திரம் உருளும் ஓசை கேட்டது. ராஜாத்தி உலை வைத்துவிட்டாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எண்ணூர் சாலையில் வரிசைகட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளின் உறுமல் சுவர் வழியாக வந்து மேசையை லேசாக நடுக்கியது. ஐஸ் கம்பெனிக் காற்றும் கருவாட்டு வாடையும் எப்போதும்போல ஜன்னலில் நின்றன. அவற்றுக்கு அடியில் வேறொரு வாடை, நாள்பட்ட தண்ணீரில் ஊறிய கயிற்றின் வாடை, வந்தும் வராமலும் இருந்தது. ஜெமிமா வைஃபை ரவுட்டரின் பக்கத்தைத் திரையில் திறந்தாள். எந்தெந்தக் கருவி வீட்டு வைஃபையில் இருக்கிறது, எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று அது சிக்னல் கோடுகளாகக் காட்டும்.

அபினின் போன். ஒரு கோடு.

ஒரு கோடு என்றால் சந்துமுனை.

"யாரோ போனைக் கண்டெடுத்து வந்திருக்கலாம்" என்று ஜெமிமா சொல்லி முடிப்பதற்குள் ராஜாத்தி வெளியே ஓடியிருந்தாள். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"முனைல யாரும் இல்லக்கா. தரை மட்டும் ஈரமா கீது."

மழை பெய்து பல நாள் ஆகிறது.

அப்போது புதிதாக ஒரு வரி வந்தது. பழைய சண்டைக்கான பதில் இல்லை. படகு போன பிறகு ஜெமிமா போட்ட இரங்கல் பதிவுக்குக் கீழே வந்திருந்தது.

'ஆதாரம் இன்னா?'

டிவியை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், அந்த ஒரு நாள் அழுகையில் டிவித் துணுக்கைத்தான் ஒட்டியிருந்தாள்.

"எடுத்துடுக்கா," என்றாள் ராஜாத்தி. "சந்துல ஒட்டின கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நான் கிழிச்சி போட்டேன். இத நீ கிழி. செத்துட்டான்னு நீயே எழுதி வச்சிகினு இருந்தா அவரு எப்டி வூட்டுக்கு வருவாரு?"

"யாருன்னு தெரியாம இன்னாடி..."

"ஆதாரம் கீதா உன்னாண்ட?"

இல்லை. ஜெமிமா எழுதினாள்: 'என் தம்பி இறந்ததாகச் சொன்னது உறுதியாகாத செய்தி. திரும்பப் பெறுகிறேன்.' பிறகு இரங்கல் பதிவை அழித்தாள். வேண்டுகோள் வீடுவீடாகப் புறப்பட்டது. திரையில் பட்டியல் ஓடியது.

மாத்தூர்: ஏற்கப்பட்டது. நாகை: ஏற்கப்பட்டது.

ரவுட்டர் பக்கத்தில் இரண்டு கோடு.

இரண்டு கோடு என்றால் சந்து நடுவில் இருக்கும் அடிபம்பு. அது தற்செயல் என்று நினைத்துக்கொண்டாள். சிக்னல் ஏறும், இறங்கும்.

கொச்சி: ஏற்கப்பட்டது. நார்வே: ஏற்கப்பட்டது.

மூன்று கோடு. வாசற்படி.

தெருநாய் ஒன்று குரைக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியது. கயிற்று வாடை அறைக்குள் வந்துவிட்டிருந்தது. அதோடு டீசல். இன்னொன்றும்.

ஒரே ஒரு வீடு மீதம். தூத்துக்குடியில் ஒரு கல்லூரிப் பையன் ஆரம்பித்துக் கைவிட்டது. பல மாதமாக அணைந்து கிடக்கிறது. அணைந்த வீடு பதில் சொல்லாது. இந்தக் கணினி விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பிரதி அங்கேயே இருக்கும். அபின் இறந்துவிட்டான் என்று உலகத்தில் ஓரிடத்தில் எழுதியிருக்கும். அது இருக்கட்டும் என்று ஜெமிமா முதல்முறையாக வேண்டினாள். தன் தம்பி சாக வேண்டும் என்றா வேண்டுகிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

புது வரி.

'அக்கா. இன்னும் ஒரு எடத்துல நான் செத்துதான் கீறேன்.'

"அவருதான்," என்றாள் ராஜாத்தி. அழுதாள். சிரித்தாள். "அவருதான்க்கா!"

"கதவைத் தொறக்காதே."

"சோறு வெந்துடுச்சி."

"ராஜாத்தி, சொன்னா கேளு. கடல்ல ஒரு வாரம்டீ. ஒரு வாரம்."

ராஜாத்தி தாழ்ப்பாளை நோக்கிப் போனாள். ஜெமிமா கணினியின் வயரைப் பிடித்தாள். இழுத்தால் கட்டுமரம் அணையும். வேண்டுகோள் நிற்கும். தம்பி வெளியே நிற்பான். எப்போதைக்குமாக.

இழுக்க முடியவில்லை.

தூத்துக்குடி: ஏற்கப்பட்டது.

அணைந்து கிடந்த வீடு. ஏற்கப்பட்டது.

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. லாரிச் சத்தம் பெரிதாகி உள்ளே வந்தது. ராஜாத்தி வாசலில் நின்று இடமும் வலமும் பார்த்தாள்.

"யாருமே இல்லியேக்கா," என்றாள், குழந்தைபோல.

ஜெமிமா திரையைப் பார்த்தாள். நான்கு கோடு. முழுசாக.

சொட்டு. அவள் தோள்மேல். குளிர்ச்சியாக. உப்பு வாடையோடு.

பதில் எந்த வழியாக வந்தது என்பது இப்போது விளங்கிவிட்டது. போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் ரவுட்டர் நான்கு கோடு காட்டும். ரவுட்டர் இருப்பது ஜெமிமாவின் நாற்காலிக்குப் பின்னால், அலமாரியில்.