கறுத்த நாக்கு

சடசடவென்று மழை. பாரசீகத்து ஷிராஸ் நகரில், காகிதக் கடைத்தெருவின் வளைவுக்குள் ஓடி வந்தவன் நேராக அவள்மேல் மோதினான். அவள் கையிலிருந்த நீலப் பொடிப் பொட்டலம் அவன் மார்பில் வெடித்தது.

"கண்ணைக் கழட்டி வீட்டுல வெச்சுட்டு வந்தீங்களா?"

"மன்னிச்சிடுங்க..."

அவன் வாயைத் திறந்ததும் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது.

"அய்யோ, நாக்கு! இன்னிக்கு எத்தனை தப்பு?"

பிரதி எழுதுகிறவர்கள் பிழையை நாக்கால் நக்கித்தான் அழிப்பார்கள்; மை ஒட்டி நாக்கு கறுத்துவிடும்.

"நாலு. உங்க மேல மோதினது அஞ்சு."

சொல்லிவிட்டு அவனும் சிரித்தான். தன் சிரிப்பைக் கேட்டு அவனே திடுக்கிட்டான். மனைவி இறந்து இரண்டு வருடம்... அந்தச் சத்தம் மறந்தே போயிருந்தது. எதிரே, இமைகளில் மழைத்துளி தொங்க இரண்டு கண்கள்.

அவன் மன்சூர். பக்கங்களை எழுதி, படத்துக்கு வெற்றுக் கட்டம் விட்டு, ஓவிய ஆசான் உஸ்தாத் ஜலாலின் பட்டறையில் கொடுப்பான். அந்தக் கட்டங்களை நிரப்புவது உஸ்தாத் இல்லை, அவர் தம்பி மகள் மஹ்பானு என்பது அடுத்த வாரம் தெரிந்தது. திரைக்குப் பின்னால், மழையில் மோதியவளின் நீலக் கறை படிந்த விரல்கள்!

"எழுதினவர் பேரு கடைசி வரியில வருது. வரைஞ்சவ பேரு மட்டும் ஏன் வரக்கூடாது?" என்று திரைக்குள்ளிருந்து கேட்டாள்.

பிரதியை முடித்ததும் அவன் கடைசிப் பக்கத்தைக் கொண்டுவந்து உஸ்தாத் முன் வைத்தான். மேலே வெற்றுக் கட்டம். கீழே, கடைசி வரியில்: 'படம் வரைந்தவள் மஹ்பானு.'

உஸ்தாதின் முகம் சிவந்தது. "என் பட்டறையில பொம்பளப் பேரா? நக்கி அழிடா!"

"மாட்டேன்."

"இந்த ஊர்ல உனக்கு இனி ஒரு தாள் கிடைக்காது!"

"யஸ்து நகரத்துல கிடைக்கும், உஸ்தாத்."

திரை விலகியது. மஹ்பானு நேராக வந்து நின்றாள்.

"உள்ள போ!"

"போறேன், பெரியப்பா. இந்தப் பேரை அழிச்சா தூரிகையைத் தொட மாட்டேன். கட்டத்தை நீங்களே நிரப்பிக்குங்க."

தூரிகை பிடிக்க முடியாமல் முதுமையில் நடுங்கும் தன் கைகளை உஸ்தாத் பார்த்தார்.

அவள் மன்சூரிடம் திரும்பினாள். "நாக்கைக் காட்டுங்க."

காட்டினான். ரோஜா இதழ் போலச் சுத்தமாக இருந்தது.

"தப்பே இல்லையா?"

"ஒண்ணுகூட இல்ல."

அவள் பக்கத்தை எடுத்தாள். புருவம் சுருங்கியது. "உங்க பேரு எங்க?"

"எழுதல..." முதல்முறையாக அவன் குரல் தடுமாறியது. "உங்க பேருக்குப் பக்கத்துல இடம் விட்டிருக்கேன். நீங்க சரின்னா எழுதறேன். அந்த இடம் மட்டுமில்ல... யஸ்துக்குப் போனாலும், வேற எங்க போனாலும், நான் உங்க பக்கத்துலதான் இருக்கணும்."

வெளியே மறுபடியும் மழை.

மஹ்பானு நாணல் பேனாவை மையில் தோய்த்தாள். பெரியப்பா பார்க்கப் பார்க்க, அதை அவன் கையில் கொடுத்தாள்.

"அழுத்தி எழுதுங்க... யாரு நக்கினாலும் போகக்கூடாது."