கல்தொட்டியில் இருந்தவள்

குளியல் மாளிகை வாசலில் நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நல்ல வெயில். பயப்படும்படி அங்கே எதுவும் இல்லை. மஞ்சள் சுண்ணாம்பு அடித்த மாடி வீடு, டிக்கெட் கூண்டு, அதையொட்டி ஒரு ஐஸ்கிரீம் வண்டி.

கோடை விடுமுறையில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பழைய கட்டடங்களைப் பற்றிப் படிக்க நானும் என் பெரியப்பா மகளும் போயிருந்தோம். வார நாட்களில் வகுப்பு. சனிக்கிழமையானால் ஊர் சுற்றல். கோட்டை, அருங்காட்சியகம், பழைய சந்தை என்று எங்களை ஓட்டிக்கொண்டு போக ஒரு பேராசிரியர் இருந்தார். கூட்டத்தில் யாரும் தொலைந்துவிடக் கூடாதென்று எப்போதும் ஒரு சிவப்புக் குடையை விரித்துத் தூக்கிப் பிடிப்பார். எங்களுக்கு அவர் குடை சார்.

சுத்தம் என்று வந்தால் அக்காவுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். தட்டில் ஒரு முடி கிடந்தால் நான் எழுந்துவிடுவேன். அவள் அந்த முடியைத் தூக்கிப் போட்டுவிட்டு என் தட்டையும் இழுத்து வைத்துச் சாப்பிடுவாள். அவளுக்கு நான் ‘மகாராணி’.

மாளிகைக்குள் நுழைந்ததுமே எனக்கு மூக்கு சுருங்கியது. ஈரத் துணியைச் சுருட்டி மறந்துவிட்டால் வரும் வாடை. படி இறங்க இறங்க அது கனத்தது. ஈரத் துணியோடு வேறு ஏதோ. காயத்தின் கட்டைப் பிரிக்கும்போது வருமே, அது.

கீழ் அறையின் நடுவே ஒரே கல்லில் குடைந்த தொட்டி. சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். தொட்டியின் உள்பக்கம், உட்கார்ந்தால் கழுத்தளவு வரும் உயரத்தில், பழுப்பாக ஒரு கோடு படிந்திருந்தது.

வழிகாட்டிப் பெண் சூயிங்கம் மென்றபடி ஒப்பித்தாள். “இந்த வீட்டு எஜமானிக்குத் தோல் வியாதி. தண்ணியை விட்டு வெளிய வந்தா உடம்பு எரியுமாம். அதனால சாப்பாடு, தூக்கம் எல்லாம் இதுக்குள்ளதான். வேலைக்காரங்க ஒவ்வொருத்தரா ஓடிட்டாங்க. கடைசில தொடறதுக்கு ஆளே இல்ல. செத்துப்போனப்புறம் தூக்கப் போனா, உடம்பு மட்டும்தான் மேல வந்துச்சாம். தோல் தண்ணியிலயே தங்கிடுச்சு. வாங்க, அடுத்து சாப்பாட்டு அறை.”

கூட்டம் சிவப்புக் குடையின் பின்னால் படியேறியது. அக்கா மட்டும் கயிற்றைத் தாண்டினாள்.

“ஐயோ, வேணாம்க்கா!”

“காஞ்சு கெடக்கற கல்லுடி மகாராணி. ஒரு போட்டோ எடு.”

தொட்டிக்குள் உட்கார்ந்து, காலை நீட்டி, ஜம்மென்று சாய்ந்துகொண்டாள். நான் போனைத் தூக்கினேன். திரையில் அவள் சிரிப்பு மெல்ல அணைந்தது.

“தண்ணி வெதுவெதுன்னு இருக்குடி.”

“எந்தத் தண்ணி?”

அவள் எழுந்து நின்றாள். இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். தொட்டி காய்ந்துதான் கிடந்தது. ஆனால் அவள் பாவாடையிலிருந்து கஞ்சிபோல் ஏதோ கொழகொழவென்று வழிந்தது. அதன் மேலே பாலில் படிவதுபோல் ஏடு கட்டியிருந்தது. மணிக்கட்டில் வெங்காயச் சருகுபோல் ஒன்று ஒட்டியிருந்தது. அவள் அதைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

அதில் மயிர்க்கால்கள் இருந்தன. ஓரத்தில் ஒரு மரு.

பஸ்ஸில் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டார்கள். சாக்கடையில் விழுந்துவிட்டாள் என்று குடை சாரிடம் பொய் சொன்னேன். வாய் ஓயாத அக்கா வழி முழுக்க மணிக்கட்டையே சொறிந்துகொண்டு வந்தாள்.

விடுதி அறைக்கு வந்ததும் அவள் குளியல்தொட்டியை நிரப்பி உட்கார்ந்தாள். மறுநாளும் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டை உள்ளேயே வாங்கிக்கொண்டாள். விடுதி டாக்டர் கதவருகில் நின்றபடியே பார்த்துவிட்டு, ஒவ்வாமை என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

“எழுந்து வாக்கா. தண்ணியைப் பாரு, என்ன கலர்ல இருக்குன்னு.”

“வெளிய வந்தா எரியுதுடி.” தலையைத் திருப்பாமலே சொன்னாள். “முதுகு கொஞ்சம் தேய்ச்சு விடேன்.”

கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தேய்த்தேன். அழுக்கு திரி திரியாக உருண்டு வந்தது. ஊற்றிக் கழுவினேன். மறுபடி தேய்த்தேன். மறுபடி திரி. புழுக்களைப்போல அவை தண்ணீரில் விழுந்து மிதந்தன. எவ்வளவு தேய்த்தாலும் அடி தெரியவில்லை. பிறகு கையின் கீழே தோல் வழுக்கி நகர்ந்தது.

அக்காவின் முதுகை எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து பார்த்த முதுகு.

இது அது இல்லை.

மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. புள்ளி புள்ளியாக மரு. மடிப்புகளுக்குள் வெள்ளையாக ஏதோ ஊறிப்போயிருந்தது.

முகம் கழுவும் தொட்டியில் குடல் வெளியே வருமளவு வாந்தி எடுத்துவிட்டு வெளியே ஓடினேன். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. தொண்டையில் தண்ணீர் தேங்கிய, வயதான குரல்.

“நீயும் ஓடுறியா?”

அன்று இரவு முழுக்க நான் தாழ்வாரத்திலேயே கிடந்தேன். பெரியம்மாவுக்குப் போன் செய்து என்ன சொல்வது? உங்கள் மகளின் முதுகில் வேறொருத்தி இருக்கிறாள் என்றா? கதவிடுக்கில் எட்டிப் பார்த்தபோதெல்லாம் அக்கா தண்ணீரில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தாள். அவள் கை தொட்டி விளிம்பில் தொங்கியது. விரல் நுனிகளில் தோல் கையுறைபோல் தளர்ந்து கழன்றுகொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். காலையில் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, தனியாக மாளிகைக்குப் போய் டிக்கெட் வாங்கினேன்.

கீழ் அறையில் ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் ஏறிப்போகும்வரை சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு செருப்பைக் கழற்றினேன். கயிற்றைத் தாண்டினேன். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே இறங்கினேன்.

வெதுவெதுப்பு முழங்காலில் ஏறியது.

“அம்மா,” என்றேன். வேறு எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. “நான் தேய்ச்சு விடறேன். எங்க அக்காவை விட்டுடுங்க.”

கையை நீட்டினேன். வெறும் கை. காற்றில் நீட்டிய கை, ஒரு முதுகில் பட்டது.

ஆறிப்போன கொழுப்பின் மேல் கை வைத்ததுபோல் இருந்தது. வாயில் எச்சில் ஊறியது. விழுங்கினேன். தேய்க்க ஆரம்பித்தேன். என் நகங்களுக்குள் ஏதோ மெத்து மெத்தென்று ஏறியது. உள்ளங்கையின் கீழே சின்னச் சின்னக் கொப்புளங்கள் உடைந்தன. வாடை நாக்கிலேயே வந்து உட்கார்ந்தது. கண்ணைத் திறந்தால் போதும், செத்துவிடுவேன் என்று தோன்றியது.

“மேல,” என்றது குரல்.

மேலே தேய்த்தேன்.

“இன்னும்.”

தோள், பிடரி, காதுக்குப் பின்னால். என் அழுகை தொட்டிக்குள் சொட்டியது. எதிரே இருந்தவளும் அழுவதை என் கைகளில் உணர்ந்தேன். முதுகு குலுங்கியது. தன்னைத் தொட ஓர் ஆள் கிடைத்த குலுங்கல் அது. அருவருப்பு கொஞ்சமும் குறையவில்லை. பரிதாபமும் சேர்ந்து வந்தது, அவ்வளவுதான்.

நீளமாக ஒரு பெருமூச்சு. அடைப்பை எடுத்தாற்போல் அடியில் களக் களக்கென்று சத்தம். என் கைகள் சட்டென்று வெறும் காற்றில் துழாவின.

“மேடம்! உள்ள இறங்கக் கூடாது, தெரியாதா?” வழிகாட்டிப் பெண் படியில் நின்றாள். அருகில் வந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள்.

விடுதிக்குத் திரும்பியபோது அக்கா கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். தலை காய்ந்திருந்தது. விரல்கள் சிவந்து உரிந்திருந்தன, ஆனால் அவள் விரல்கள்.

“எங்கடி போய்த் தொலைஞ்ச? பசிக்குது, இன்னொரு பாக்கெட் வாங்கிட்டு வா.”

அவள் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தேன். கூச்சத்தில் நெளிந்து என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். ஜுரத்தில் கிடந்ததைத் தவிர அவளுக்கு எதுவும் நினைவில்லை. மீதிச் சனிக்கிழமைகளில் குடை சார் போன இடமெல்லாம் அவள் முன்வரிசையில் போனாள். நான் தலைவலி என்று அறையிலேயே படுத்துக்கொண்டு, நகங்களை ஊசியால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

படிப்பு முடிந்து வீடு வந்தோம். நாட்கள் போயின. நகங்கள் வளர்ந்தன, வெட்டினேன், மறுபடி வளர்ந்தன. சாப்பாட்டை மறுபடி கையால் பிசைந்து சாப்பிட முடிந்தது.

நேற்றுக் காலை குளித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் பளீரென்று வெயில். உள்ளே தாழ் போட்டிருந்தது. சமையலறையில் அம்மா மிக்ஸி ஓடவிட்டிருந்தாள். முகத்தில் சோப்பு, கண்ணை மூடியிருந்தேன்.

முதுகில், என் கை எட்டாத இடத்தில், ஒரு உள்ளங்கை வந்து படிந்தது.

ஈரமாக இருந்தது. மெத்தென்று, எலும்பே இல்லாததுபோல் இருந்தது. அவசரப்படாமல், வட்டம் வட்டமாகத் தேய்த்தது. பட்ட கடனைத் தீர்க்கிற மாதிரி அவ்வளவு பதமாக. கத்த வாயைத் திறந்தேன், சோப்பு நுரைதான் உள்ளே போனது.

அந்தக் கை தோள்பட்டைக்கு நகர்ந்தது.

சொல்லவே கூசுகிறது. என் முதுகு தானாகவே குனிந்து கொடுத்தது.