கைகள் கொடுத்த வாக்குமூலம்

போன் அலறிக்கொண்டே இருந்தது.

காந்தி ரோட்டுப் பட்டுக்கடை. முதலாளி நமச்சிவாயம் கல்லாவுக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தார். அருகே பட்டு நிறுக்கும் இரும்பு எடைக்கல்... அதில் ரத்தம்!

பிணத்தருகே உறைந்து நின்ற ஆஷிஃபா போனை எடுக்கவில்லை. கடையில் புடவை மடிக்கும் அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் வராது.

மேனேஜர் ராஜவேலு கூட்டிவந்த போலீஸ் பார்த்தது அந்தக் காட்சியைத்தான்.

மதியம். ஸ்டேஷன்.

"உன் தங்கச்சி ஒத்துக்கினாம்மா," என்றார் இன்ஸ்பெக்டர் தேவேந்திரன். "சாயங்காலம் மாஜிஸ்ட்ரேட்கிட்ட கூட்டினு போறோம். அப்புறம் ஜெயில்தான்."

ஆஷிஃபாவின் அக்கா கனி குறுக்கிட்டாள்.

"அவளுக்குப் பேச்சே வராதே சார்... எப்டி ஒத்துக்கினா?"

"சைகையில சொன்னா. ராஜவேலு மொழிபெயர்த்தாரு."

பக்கத்தில் நின்ற ராஜவேலு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தினம் கூடவே இருக்கிற பொண்ணு... என்னாலயே நம்ப முடியல கனி. நல்ல வக்கீலா பாரும்மா."

கனி ஓடினாள்.

கோர்ட் எதிரே ஒரு வக்கீல், விவரத்தைக் கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டார்.

"பைத்தியம்னு ஒரு சர்டிபிகேட் வாங்கினு வா. பார்க்கலாம்."

"காது கேக்காதவ சார்! பைத்தியம் இல்ல!"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

கனி அழுதுகொண்டே படியிறங்கினாள். கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் அவளை நிறுத்தினார்.

"உள்ள இலவச சட்ட உதவி ஆபீஸ் இருக்குதும்மா. கீர்த்தின்னு ஒரு வக்கீலம்மா. ஊனமுற்றவங்க கேஸ்னா அவங்கதான்."

நடந்ததைக் கனி சொல்லி முடித்ததும் கீர்த்தி எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"மொழிபெயர்த்தவர் சைகை மொழி படிச்சவரா?"

"இல்லக்கா, கடை மேனேஜர். கூட வேலை செஞ்ச பழக்கம்தான். நானே அவளைக் கேட்டுச் சொல்றேன்னேன்... சொந்தக்காரங்க மொழிபெயர்க்க வேணாம்னுட்டாங்க. ஃபீஸ் எவ்ளோக்கா?"

"மாற்றுத்திறனாளிக்குச் சட்ட உதவி இலவசம். வருமானம் என்னன்னுகூட பார்க்கக் கூடாது. அது அவ உரிமைம்மா, யாரும் போடுற பிச்சை இல்ல. கிளம்பு!"

ஸ்டேஷனில் கீர்த்தி நின்றுகொண்டே பேசினாள்.

"சார், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்னு ஒண்ணு இருக்குது. அவங்க சொல்றதை அவங்க மொழியிலயே பதிவு செய்ய வசதி பண்ணித் தரணும். மேனேஜரை வெச்சு எடுத்தா அது வாக்குமூலமா, வதந்தியா?"

தேவேந்திரன் சிரித்தார்.

"ரூல் எங்களுக்கும் தெரியும் மேடம். முழுசா வீடியோ எடுத்திருக்கோம்!"

"ரொம்ப நல்லதாப் போச்சு. போடுங்க."

கீர்த்தி வீடியோ காலில் தேவசகாயத்தைப் பிடித்தாள். சென்னையில் சைகை மொழிபெயர்ப்பாளர். முறையாகப் படித்தவர். போனை கம்ப்யூட்டர் திரைக்கு நேரே பிடித்தாள்.

திரையில் ஆஷிஃபாவின் கைகள் பதறின. ராஜவேலுவின் குரல் கேட்டது.

"'நான்தான் அடிச்சேன், மேனேஜர் பார்த்துட்டார்'னு என்னைக் காட்டுறா சார்..."

"நிறுத்துங்க!" தேவசகாயம் கத்தினார். "அவங்க 'நான்'னு சொல்லவே இல்ல!"

"பின்ன?" என்றார் தேவேந்திரன்.

"'விசைத்தறிப் புடவையைக் கைத்தறின்னு இவர் வித்ததை முதலாளி கண்டுபிடிச்சிட்டார். இவர்தான் எடைக்கல்லால அடிச்சார்'ங்கிறாங்க! அப்புறம்..."

"அப்புறம்?"

"'போலீஸ்காரர் ஏன் என்னை முறைக்கிறார்? அவர்கிட்ட என்ன சொன்னீங்க?'ன்னு அந்த ஆளையே கேக்குறாங்க சார்..."

கனி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதுவரை ஸ்டேஷன் பெஞ்சில் இருந்த ராஜவேலு வாசல் பக்கம் நகர்ந்தார். கான்ஸ்டபிள் குறுக்கே வந்தார்.

"சார்... எனக்கு வக்கீல் வேணும்!"

"வரட்டும்யா," தேவேந்திரனின் முகம் கறுத்திருந்தது. "அதுவரைக்கும் உட்காரு. உன் வாக்குமூலத்தை எடுக்கணும்."

ஆஷிஃபாவை அழைத்து வந்தார்கள். கனி அவளைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. போனிலிருந்து தேவசகாயம் நடந்ததையெல்லாம் கைகளால் சொன்னார்.

ஆஷிஃபா ராஜவேலுவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவள் விரல்கள் சுறுசுறுப்பாக அசைந்தன.

தேவசகாயம் வாய்விட்டுச் சிரித்தார்.

"சார்... 'இவர் வாக்குமூலத்தை நான் மொழிபெயர்க்கட்டுமா?'ன்னு கேக்குறாங்க!"