குளிப்பாட்டிய பீர்

மழை... காலையிலிருந்து ஒரே மழை.

பஸ்ஸின் சிவப்பு விளக்கு தேவாலயத்து வளைவில் மறைவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள் யோலின். ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். ஓட மனசு வரவில்லை. முப்பத்தாறு வயதில் எண்பது வயது அலுப்பு!

பதினோரு வருடமாக இதே பிழைப்பு. ஊர் ஊராகப் போய், பீரை மோந்து, நாலு மடக்கு குடித்து, பீர்க் கையேட்டுக்கு நாலு வரி எழுதிவிட்டு எழுந்து போவது. கிளாஸில் பாதி எப்போதும் மிச்சம் இருக்கும். முழுசாகக் குடித்தால் அடுத்த ஊரில் நாக்கு வேலை செய்யாது. எழுந்து போகும்போது, ‘அதுக்குள்ளயா?’ என்று கேட்க எதிரில் ஆளும் இருந்ததில்லை.

அடுத்த பஸ் ஐந்து பத்துக்கு. எதிரே இருந்த சாராயக் கடைக்குள் நுழைந்தாள்.

"கதவைச் சாத்தும்மா, மழையும் உன்கூடவே வருது!" என்றாள் கடைக்காரி மீகே.

அடுப்புப் பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு எதிரில் ஒருவன் நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"உட்காரலாமா?"

"நாற்காலி என்னுது இல்லீங்க."

சொல்லிவிட்டு நிமிர்ந்தான். சாம்பல் நிறக் கண்கள்... கீழே பல நாள் தூங்காத கருவளையம்... ‘ஐயோ, இவ்வளவு களைச்ச கண்ணை நான் கண்ணாடியிலதானே பார்த்திருக்கேன்!’ அவள் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். நெஞ்சு மட்டும் ஒரு தடவை தடுக்கி விழுந்து எழுந்தது.

மீகே உள்ளூர் பீரைக் கொண்டுவந்து, அதற்கே உரிய கிளாஸில் சாய்த்து ஊற்றினாள். அடியில் தங்கிய வண்டலைப் பாட்டிலிலேயே விட்டுப் பக்கத்தில் வைத்தாள். நாலு வருடத்துக்கு முன் ஒரே ஒரு தடவை குடித்த பீர் இது. யோலின் அதை மறக்கவே இல்லை.

குறிப்பு நோட்டை மேஜையில் விரித்து வைத்துவிட்டு மூக்கைக் கொண்டுபோனாள். வறுத்த கொத்தமல்லி விதை... ஆமாம். ஆரஞ்சுத் தோல்... இருக்கிறது. நுனி நாக்கில் மிளகு சுள்ளென்றது. அப்புறம்... கண்ணை மூடிக் காத்திருந்தாள். அப்புறம் ஒன்றும் வரவில்லை.

"என்னங்க, மருந்து குடிச்ச மாதிரி முகத்தை வச்சிருக்கீங்க?" எதிரில் இருந்தவன் கேட்டான்.

"மருந்துக்குக்கூட ஒரு வாடை இருக்குமே!" களைப்பில் அவளுக்கு வாய் அடங்கவில்லை. "முன்னாடி இதுல மழையில நனைஞ்ச குதிரை இருந்துச்சு. மக்கின வைக்கோல், பழைய பாலாடைக்கட்டியோட தோல்... என்னமா இருந்துச்சு தெரியுமா? இப்ப யாரோ புண்ணியவான் இதைக் குளிப்பாட்டி, தலை சீவி, பவுடர் போட்டு அனுப்பியிருக்கான்!"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் எதிரில் இருந்தவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் பீருக்குக் குதிரை வாசனைதான் பெருமை; ஒருவனின் பீரில் அது இல்லை என்பதை அவன் முகத்துக்கு நேராக யாரும் சொல்ல மாட்டார்கள்.

அவன் எழுந்தான்.

"அந்தப் புண்ணியவான் நான்தாங்க. கவலைப்படாதீங்க, நாளைக்குக் காலையில பீர் காய்ச்சுற செப்பு அண்டாவை வாங்கிட்டுப் போக ஆள் வருது. அதோட எல்லாம் தீர்ந்துச்சு. நல்லா எழுதிக்கோங்க."

கதவு மூடியது. போச்சு... எல்லாம் போச்சு.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாடி?" மீகே கையிலிருந்த துணியை உதறினாள். "ரெண்டு வருஷமா தனியாவே கிடந்து காய்ச்சுறான் அந்த வானஸ். ஊரே குடிச்சிட்டு, ‘நல்லாருக்குப்பா’ன்னு பொய் சொல்லிக்கிட்டிருக்கோம்..."

"பொய் சொல்லித்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கு."

‘நான் எதுக்கு மன்னிப்புக் கேட்கணும்? நாக்கு சொன்னதைச் சொன்னேன்...’ என்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். முடியவில்லை. அந்தச் சாம்பல் கண்கள் அடுப்பு நெருப்பிலும் தெரிந்தன. பாதிக் கிளாஸை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

கடைக்கு எதிரிலேயே நிற்கப் பிடிக்காமல் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தாள். அது, வானஸ் என்று பலகை தொங்கிய பீர் ஆலையைத் தாண்டித்தான் இருந்தது. குனிந்துகொண்டு கடந்துவிட நினைத்தவள், வாசலில் தன்னையறியாமல் நிமிர்ந்தாள். கூரை புத்தம் புதிதாகப் பளபளவென்றிருந்தது. ஓட்டில் ஒரு பொட்டுப் பாசி இல்லை.

"அடப்பாவி..." என்றவள் போய்க் கதவைத் தட்டினாள்.

திறந்தான். "இன்னும் என்னங்க பாக்கி?"

"கூரை எப்ப மாத்துனீங்க?"

"போன வருஷம் கோடையில."

"ஆற வைக்கிற மாடிக்கு மேலயா? அங்கே இருந்த சிலந்தி வலை எல்லாம்?"

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"சொல்லுங்க வானஸ்."

"கூட்டிட்டேன். சுவரைத் தேய்ச்சுக் கழுவி, சுண்ணாம்பும் அடிச்சேன்."

"ஐயோ கடவுளே! ராத்திரி முழுக்க ஜன்னலைத் திறந்து பீரை அங்கே ஆறப்போடுறதே, அந்தப் பழைய மரத்துலயும் தூசியிலயும் இருக்கிற ஈஸ்ட் அதுல இறங்கி அந்தக் குதிரை வாசனையைக் கொடுக்கட்டும்னுதானே! எதிர்த்த வீட்டுச் சின்னக் குழந்தைக்குக்கூட இது தெரியுமே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்." குரல் கம்மியது. "தெரிஞ்சேதான் செஞ்சேன்... போனாளே என் பொண்டாட்டி, அவ கதவுகிட்ட நின்னு சொன்ன கடைசி வார்த்தை என்ன தெரியுமா? ‘உன் மேல குதிரை லாயம் நாறுது’. அவ போன பிறகு மாடியைக் கழுவினேன். பீப்பாயைக் கழுவினேன். என்னையும்தான்... தோல் உரியுற அளவுக்குத் தேய்ச்சேன்."

இந்த மனுஷனைப் போய்க் கடையில் வைத்துக் கிண்டல் செய்தோமே என்று யோலினுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"உள்ள வாங்க, நனையுறீங்க" என்றான் அவன். "அந்தக் கழுவலுக்கு முன்னாடி அடைச்சதுல ஒரு பாட்டில் இருக்கு. நாளைக்கு எல்லாம் போன பிறகு தனியா குடிக்கலாம்னு வச்சிருந்தேன்."

பாட்டிலை அசைக்காமல் தூக்கிவந்து திறந்தான். இரண்டு கிளாஸ். அவள் மூக்கைக் கொண்டுபோன மறு நொடி கண்ணில் நீர் முட்டியது. கொத்தமல்லிக்கும் ஆரஞ்சுக்கும் பின்னாலிருந்து அதே நனைந்த குதிரை, அதே வைக்கோல், நாக்கின் ஓரத்தில் அதே புளிப்பு...

"வந்துடுச்சா?" என்றான், பரீட்சை முடிவு கேட்பவனைப் போல.

"வந்துடுச்சு... பழைய ஓடெல்லாம் எங்கே?"

"கொட்டகைக்குப் பின்னாடி. தூக்கி எறிய மனசு வரலை."

"கழுவாத பீப்பாய்?"

"ஒண்ணே ஒண்ணு மிச்சம்."

"அது போதுமே! பழைய ஓடுகளை மாடியில அடுக்குங்க, பீப்பாயைப் பக்கத்துல போடுங்க, ஜன்னலைத் திறங்க. ரெண்டு மூணு குளிர்காலம் ஆகும்... ஆனா திரும்ப வரும்."

"ரெண்டு மூணு குளிர்காலம் தனியா..." அவன் சிரிக்கப் பார்த்தான். "களைச்சுட்டேங்க."

"நானும்தான்."

வெளியே ஐந்து பத்து பஸ்ஸின் வெளிச்சம் ஜன்னலில் ஓடியது.

"பஸ் போகுதுங்க!"

"தெரியும்." அவள் கிளாஸை எடுத்தாள். பாதியைத் தாண்டினாள். நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கிளாஸை வைத்தாள். "பதினோரு வருஷத்துல நான் முழுசாக் குடிச்ச முதல் கிளாஸ் இது, வானஸ். எங்கேயும் பாதியிலயே எழுந்து போயிடுவேன். இங்கேயிருந்து எழுந்திருக்க எனக்கு மனசு வரலை... போகச் சொல்லாதே."

‘போகச் சொல்லாதே’... அந்த ஒருமை அவன் காதில் விழுந்தது. அவன் கன்னம் சிவந்தது.

"என் மேல இன்னும் அந்த வாடை அடிக்குமே..."

அவள் எட்டி அவன் கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்து, முகம் புதைத்து, தொழிலுக்கு பீரை மோப்பதுபோலவே ஆழமாக மோந்தாள்.

"அடிக்குது" என்றாள். "எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. உன்னையும்தான். இனிமே ஒரு தடவை தேய்ச்சுக் கழுவினேன்னு கேள்விப்பட்டேன்... அவ்வளவுதான்!"

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பிலேயே கண் கலங்கியது.

"நாளைக்கு வர்ற ஆள்கிட்ட என்ன சொல்லப்போற?" அவள் கேட்டாள்.

"அண்டா அடுப்புல இருக்கு, சூடா இருக்கு, இப்பக் கழற்ற முடியாதுன்னு சொல்லுவேன்" என்றவன், கோட்டுக் காலரைப் பிடித்திருந்த அவள் கையின் மேல் தன் கையை வைத்தான்.